"தம்பி"க்குள் இருக்கும் "தம்" யாருடையது?

#1 செவ்வந்திப்பூ

நேற்று இரவு மகள் பள்ளியில் ஒப்பிப்பதற்காகக் குறுந்தொகையின் 40ஆம் பாட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். "யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்." எந்தை என்றால் என் தந்தை, நுந்தை என்றால் உன் தந்தை என்று சொல்லிக் கொடுத்தேன். உடனே நிறுத்திவிட்டாள். "என், தந்தை இரண்டையும் சேர்த்தால் எந்தந்தை என்றுதானே வரணும்? நடுவில் ஒரு 'த' எங்கே போச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தொகையாக வந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் விடவில்லை. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஆறு வயதுப் பையனைக் காட்டி, "தம்பியிலும் ஒரு 'தம்' இருக்கே, அதுவும் இதே மாதிரியா?" என்று கேட்டாள். வீட்டில் அவனைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அப்பா, அம்மா, பாட்டி எல்லோருக்கும் அவன் தம்பிதான்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவளுக்குச் சரியான பதிலைச் சொல்ல வேண்டும்.

#2 பனையோலை

முப்பது வருடம் தமிழ் நடத்தியவன் நான். இந்தக் கேள்வியை எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை. உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள் அம்மா.

'த' எங்கும் போகவில்லை. அது தந்தையின் சொந்தச் சொத்தே இல்லை. எந்தை என்பது "என் தந்தை"யின் சுருக்கம் என்று நாம் பொருள் சொல்வது புரிய வைப்பதற்காகத்தான். சொல் பிறந்த வழி வேறு. எந்தை, நுந்தை, தந்தை மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும் உடன்பிறப்புகள். எம் சேர்ந்தால் எந்தை, நும் சேர்ந்தால் நுந்தை, தம் சேர்ந்தால் தந்தை. அதாவது "தந்தை" என்றாலே அவனுடைய அல்லது அவர்களுடைய அப்பா என்றுதான் முதலில் பொருள். பின்னால் நிற்பதைச் சிலர் 'தை' என்று பிரிப்பார்கள், சிலர் 'அந்தை' என்று பிரிப்பார்கள். எப்படிப் பிரித்தாலும் முன்னால் நிற்பது எம், நும், தம்தான்.

அதே பாட்டின் முதல் வரியைப் பாருங்கள். யாய் என்றால் என் தாய். ஞாய் என்றால் உன் தாய். மூன்றாவது ஆளுடைய அம்மா தாய். இன்று நமக்கு மிஞ்சியிருப்பது அந்த மூன்றாவது மட்டும்தான்.

தம்பி? ஆமாம், அப்படியேதான். எம்பி, நும்பி (உம்பி), தம்பி. என்னுடைய இளையவன், உன்னுடைய இளையவன், அவனுடைய இளையவன். தங்கைக்கும் எங்கை, நுங்கை, தங்கை உண்டு. அக்காவுக்கு எவ்வை, நுவ்வை, தவ்வை. 167ஆம் குறளில் "செய்யவள் தவ்வையைக் காட்டி விடும்" என்று வருகிறதே, திருமகளின் அக்கா என்று பொருள். தமக்கை (தம் + அக்கை), தமையன் (தம் + ஐயன்) எல்லாம் இதே குடும்பம். தகப்பன்கூடத் தம் + அப்பன்தான். தமப்பன் என்பது தகப்பன் ஆயிற்று.

#3 மழைத்துளி

அப்படியானால் "என் தந்தை" என்று எழுதுவது தப்பா? "என் அவனுடைய அப்பா" என்று அல்லவா ஆகிறது? "என் தம்பி"யும் அதேபோல. என் கல்யாணப் பத்திரிகையில்கூட "எனது தம்பி" என்று போட்டிருக்கிறோம்!

#4 பனையோலை

தப்பே இல்லை. பத்திரிகை நன்றாகத்தான் இருக்கிறது. 'தம்' தன் பொருளை இழந்து சொல்லோடு ஒட்டிப்போன பிறகு, யாருடையவர் என்று சொல்ல இன்னொரு சொல் முன்னால் வேண்டியிருக்கிறது. அந்த மாற்றம் நேற்று வந்ததும் அல்ல. 70ஆம் குறளைப் பாருங்கள். "மகன்தந்தைக்கு ஆற்றும் உதவி இவன்தந்தை என்நோற்றான் கொல்எனும் சொல்." ஊரார் ஒரு பையனைப் பார்த்து "இவன்தந்தை" என்கிறார்கள். தந்தை என்று மட்டும் சொன்னாலே இவனுடைய அப்பா என்று ஆகிவிட வேண்டும் அல்லவா? ஆனாலும் முன்னால் ஓர் "இவன்" வந்து நிற்கிறது. அப்போதே 'தம்' தேயத் தொடங்கிவிட்டது. ஆனால் ஒன்று, வள்ளுவர் அதை இன்னும் படர்க்கையில்தான் வைத்திருக்கிறார்.

#5 கரிசல்காடு

பனையோலை ஐயா, தந்தை வரை ஒப்புக்கொள்கிறேன். தம்பியில்தான் எனக்கு இடிக்கிறது. தம் போக மிஞ்சுவது 'பி'. அந்தப் 'பி'க்கு என்ன பொருள்? பின் பிறந்தவன், தம் + பின் = தம்பின், அது தம்பி ஆயிற்று என்று சொல்லாராய்ச்சியாளர் தேவநேயப் பாவாணர் சொன்னது தெரியும். கேட்க அழகாக இருக்கிறது என்பதற்காக ஒன்றை நம்பிவிடலாமா? சொல்லாராய்ச்சியில் இப்படி அழகுக்காக நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். தம்பிக்குத் தம்முடு என்போம். கன்னடத்தில் தம்ம. அங்கே 'ப' இல்லையே? 'பின்' அங்கே எங்கே போனது?

#6 பனையோலை

நியாயமான கேள்வி. இரண்டாவதை முதலில் சொல்கிறேன். தமிழில் அம்பு, தெலுங்கில் அம்மு. 'ம்ப' அங்கே 'ம்ம' ஆகும். தம்பிக்கும் தம்முடுக்கும் உள்ள தூரம் அம்புக்கும் அம்முவுக்கும் உள்ள தூரம்தான். அதனால் 'ப' இல்லாதது பெரிய தடை இல்லை. பர்ரோவும் எமெனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் (முதல் பதிப்பு 1961) தம்பியையும் தம்முடுவையும் ஒரே இடத்தில்தான் வைக்கிறது.

'பின்' பற்றி: நான் அதை ஏற்பது அழகுக்காக இல்லை. அதற்கு எதிர்ச்சொல் கையில் இருக்கிறது. பழைய நூல்களில் அண்ணனுக்குத் தம்முன், எம்முன் என்று வரும். முன் பிறந்தவன் தம்முன் என்றால், பின் பிறந்தவன் தம்பின். முன்னது னகரத்தோடு நின்றது, பின்னது தேய்ந்தது.

இதற்குக் கம்பரில் ஒரு பாட்டு இருக்கிறது. மூன்று சொல்லும் ஒரே மூச்சில் வரும். வாலி மார்பில் அம்போடு கிடக்கிறான். இராமனிடம் ஏதேதோ கேட்டு முடித்துவிட்டான். கடைசியாக ஒன்று கேட்கிறான்:

"இன்னம் ஒன்று இரப்பது உண்டால் எம்பியை உம்பிமார்கள்
தன்முனைக் கொல்வித்தான் என்று இகழ்வரேல் தடுத்தி தக்கோய்"

எம்பி சுக்கிரீவன். உம்பிமார்கள் இலக்குவன் முதலான இராமனின் தம்பியர். தன்முன் வாலியேதான், சுக்கிரீவனின் அண்ணன் என்ற முறையில். "என் தம்பியை உன் தம்பிகள், தன் அண்ணனைக் கொல்ல வைத்தவன் என்று ஏளனம் செய்தால், நீ தடுக்க வேண்டும்" என்கிறான். தன்னைப் பற்றிச் சொல்லும்போது "என்னை" என்று சொல்லவில்லை. உலகம் எப்படிப் பேசும் என்பதை அப்படியே சொல்வதால் "தன்முன்" என்கிறான். உயிர் போகிற நேரத்திலும் எது யாருடையது என்று ஒவ்வொரு சொல்லும் காட்டிக்கொண்டே போகிறது. இந்தப் பாட்டை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் கம்மிவிடும்.

#7 கரிசல்காடு

தம்முன்னை நான் யோசிக்கவில்லை. முன் இருந்தால் பின் இருக்க வேண்டும் என்பது பலமான வாதம்தான். ஏற்றுக்கொள்கிறேன். தங்கையின் 'கை'க்கு என்ன சொல்வீர்கள்?

#8 பனையோலை

கைக்கிளையில் (ஒருதலைக் காதலில்) வரும் 'கை'க்குச் சிறுமை என்று உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள். அதையே இங்கும் வைத்துச் சிறியவள் என்பார்கள். தம்பி அளவுக்கு அழுத்தமாக நான் இதைச் சொல்ல மாட்டேன்.

#9 பூவரசு

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஆள். இந்த இழையை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் எல்லாம் நுந்தை, உம்பி செத்துப்போன சொற்கள் என்பதுபோலக் கதைக்கிறீர்கள். எங்கள் ஊரில் நுந்தை உயிரோடு இருக்கிறார். பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

கொப்பர் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? "கொப்பர் எங்கை?" என்றால் உன் அப்பா எங்கே என்று அர்த்தம். கொம்மா உன் அம்மா. கொண்ணர் உன் அண்ணர். கொக்கா உன் அக்கா. கொத்தான் உன் அத்தான். கோத்தை உன் ஆத்தை, அதாவது தாய். என் அப்பாவை நான் ஒருநாளும் கொப்பர் என்று சொல்ல முடியாது. அந்தச் சொல்லுக்குள்ளேயே "உன்" இருக்கிறது. உங்கள் அப்பர் என்பது உங்கப்பர், உங்கொப்பர் ஆகி, முன்னால் இருந்த "உங்" உதிர்ந்து கொப்பர் ஆகிவிட்டது.

பெரியவர்கள் சின்னவர்களிடம் சொல்வார்கள், கூட்டாளிகள் தங்களுக்குள் சொல்வார்கள். மரியாதைக்குரிய ஒருவரிடம் போய்க் கொப்பர் சுகமோ என்று கேட்க முடியாது. ஆனால் வீட்டுக்குள் அது அன்பான சொல்.

#10 மழைத்துளி

ஐயோ, இங்கே அதைச் சொன்னால் அடிதான் விழும்! சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பையனிடம் "ஙொப்பன்" என்று சொன்னதற்கு அம்மா வாயிலேயே போட்டார். எதற்கு அடி விழுந்தது என்று அன்றைக்குப் புரியவே இல்லை. உங்கள் அப்பன் என்பதில் கெட்டது என்ன இருக்கிறது?

#11 பனையோலை

ஒன்றுமே இல்லை. நுந்தை என்று புலவர் பாடியதும் ஙொப்பன் என்று பையன் சொன்னதும் ஒரே கட்டுமானம். சண்டையில் அடுத்தவன் அப்பா அம்மாவை இழுப்பதற்கு அதிகம் பயன்பட்டதால் இங்கே அது வசவாகிவிட்டது. சொல்லின் மேல் குற்றம் இல்லை.

பூவரசு சொன்ன பிறகு எனக்கு ஒன்று பளிச்சென்று தோன்றியது. தொல்காப்பியம் மொழிமரபில் ஒரு நூற்பா: "குற்றிய லுகரம் முறைப்பெயர் மருங்கின் ஒற்றிய நகரமிசை நகரமொடு முதலும்." குற்றியலுகரம், அதாவது குறுகி ஒலிக்கும் உகரம், சொல்லின் கடைசியில்தான் வரும் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் ஒரே ஓர் உறவுப்பெயரில் மட்டும் அது சொல்லின் முதலிலேயே வரும் என்கிறார் தொல்காப்பியர். அந்தச் சொல் எது என்று உரைகாரர்கள் காட்டுகிறார்கள்: நுந்தை. அதில் உள்ள 'நு' முழு மாத்திரை ஒலிக்காது, உதடு குவிவதற்குள் ஓடிப்போய்விடும். அடுத்த நூற்பாவில், முழு உகரமாகச் சொன்னாலும் பொருள் மாறாது என்றும் சொல்கிறார்.

இத்தனை வருடம் இதை ஒரு விதிவிலக்காக மட்டுமே நடத்திவிட்டேன். மக்கள் வாயில் நுந்தையின் உகரம் தேய்ந்ததைக் காதால் கேட்டு எழுதியிருக்கிறார் மனிதர்! இன்று உங்கப்பன் என்பதில் அதே உகரம்தான் முழுதாக விழுந்து ஙொப்பனும் கொப்பரும் ஆகியிருக்கிறது. உன் அப்பா என்று சொல்ல வரும்போது தமிழ் நாக்குக்கு எப்போதும் அவசரம் போலிருக்கிறது. இது என் எண்ணம்தான், விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்த வயதில் இப்படி ஒன்று பிடிபடுவது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

#12 செவ்வந்திப்பூ

மகளிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு இன்னொரு சந்தேகம். என், நின், தன் என்று ஒருமை இருக்கும்போது ஏன் எம், நும், தம் என்று பன்மை? அப்பா ஒருத்தருக்குத்தானே அப்பா?

கேட்டுவிட்டு அவளே சொன்னாள்: "நாமளும் எங்க அப்பா, எங்க அம்மா என்றுதானே சொல்றோம்?" உண்மைதான். நான் ஒரே பிள்ளை. கூடப் பிறந்தவர் யாரும் கிடையாது. ஆனாலும் நான் "என் அம்மா" என்று பேச்சில் சொன்னதே இல்லை. எங்கம்மாதான்.

#13 கரிசல்காடு

அருமை! தெலுங்கிலும் மா அம்மா, மா நான்னா என்போம். "மா" என்றால் எங்கள். நா அம்மா என்று யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. பேனா, சட்டை, செருப்பு எல்லாம் "என்"னுக்குள் வந்துவிடும். வீட்டு மனிதர்கள் மட்டும் "எங்க"தான். எந்தையில் இருக்கும் 'எம்'மும் எங்கப்பாவில் இருக்கும் 'எங்க'வும் ஒன்றே. சொல் தேய்ந்தபோது பழைய பழக்கம் புதுச் சொல்லை எடுத்துக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறது.

#14 தோவாளை

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மருமக்கள் வழி இருந்தது. ராஜாவின் மகனுக்குப் பட்டம் கிடைக்காது, மருமகனுக்குத்தான், அதாவது சகோதரியின் மகனுக்கு. அப்படிப் பட்டத்துக்கு வராத ராஜாவின் மகன்களுக்குத் தம்பி என்றும், மகள்களுக்குத் தங்கச்சி என்றும் சிறப்புப் பெயர். ஓமனத்திங்கள் என்ற மலையாளத் தாலாட்டை எழுதிய இரயிம்மன் தம்பியின் பெயரில் இருக்கும் தம்பியும் அரச குடும்பத் தொடர்பால் வந்த பட்டம்தான். அவர் மகள் குட்டிக்குஞ்ஞு தங்கச்சியும் கவி. யாருக்கும் தம்பியாக இல்லாமல், பெயரின் பின்னால் மட்டும் தம்பி!

அதே மலையாளத்தில் தந்தை என்ற சொல்லின் நிலைமை பாவம். தந்த என்று ஒருவர் அப்பாவைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். இங்கே செய்யுளிலும் மேடையிலும் வைத்துக் கும்பிடுகிற சொல்.

#15 மழைத்துளி

தம்பியை மட்டும் நாம் முகத்துக்கு நேராகவும் கூப்பிடுகிறோமே, கவனித்தீர்களா? தந்தையே, தமையனே, தமக்கையே என்று வீட்டில் யாரும் அழைப்பதில்லை. அப்பா, அண்ணா, அக்கா என்று அழைக்கத் தனிச்சொல் இருக்கிறது. தம்பிக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரே சொல்தான் இரண்டு வேலையும் பார்க்கிறது. பஸ்ஸில் முன்பின் தெரியாத பையனையும் தம்பி, கொஞ்சம் தள்ளி உட்காரு என்கிறோம். 1955இல் அறிஞர் அண்ணா தன் இதழில் தம்பிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். எத்தனையோ பேர் அதைத் தனக்கே வந்த கடிதம் மாதிரி படித்தார்கள்.

#16 பனையோலை

நல்ல கவனிப்பு. தெரியாதவரை உறவாக்கிக்கொள்ளும் வேலையை இந்தச் சொற்கள் ரொம்ப காலமாகவே செய்கின்றன. எப்போதும் நல்ல எண்ணத்தோடு என்று சொல்ல முடியாது. அகநானூறு 386இல் பரணர் ஒரு காட்சி வைக்கிறார். தலைவனோடு பழகும் பரத்தை ஒருத்தி பகலில் தலைவியின் வீட்டுக்கு மெல்ல வருகிறாள். "நானும் உன் சேரிதான், பக்கத்து வீட்டுக்காரிதான்" என்று இனிமையாகப் பேசுகிறாள். "நுங்கை ஆகுவென் நினக்கு" என்கிறாள். உனக்கு உன் தங்கையாக இருப்பேன். சொல்லிக்கொண்டே மோதிரம் போட்ட மெல்லிய விரலால் தலைவியின் நெற்றியையும் கூந்தலையும் தடவிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அந்தத் தொடுகையில் தலைவி கூசிப்போகிறாள். அதைத் தலைவனிடம் சொல்கிற பாட்டு.

நுங்கையில் "உன்" இருக்கிறது. பிறகும் ஒரு "நினக்கு" எதற்கு? அவள் வலிந்து ஒட்டுகிறாள். உறவு இல்லாத இடத்தில் சொல்லை இரண்டு முறை பூச வேண்டியிருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

இதற்கு நேர் எதிரான இடமும் உண்டு. வீடணன் அடைக்கலம் ஆனபோது இராமன் சொல்வது: "குகனொடும் ஐவர் ஆனேம் முன்பு..." என்று தொடங்கி, "நின்னொடும் எழுவர் ஆனேம்" என்று வந்து, "புதல்வரால் பொலிந்தான் நுந்தை" என்று முடிப்பான். பொலிந்தவன் தசரதன். இராமனுக்கு எந்தை. எந்தை என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அவன் சொன்னது நுந்தை, உன் அப்பா. சற்றுமுன் வரை எதிரியின் தம்பியாக இருந்தவனுக்கு ஒரே எழுத்தில் அப்பாவைக் கொடுத்துவிட்டான்.

#17 செவ்வந்திப்பூ

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை ஐயா.

#18 பூவரசு

எனக்கும்தான். ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அம்மா ஊரில் இருக்கிறா, நான் வெளிநாட்டில். முன்பு போன் எடுத்தால் முதல் வார்த்தை "கொப்பர் இப்பதான் சாப்பிட்டவர்", "கொப்பருக்கு இருமல்" என்று அவரைப் பற்றித்தான் இருக்கும். அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அம்மா அந்தச் சொல்லைச் சொல்வதே இல்லை. சொல்ல வேண்டி வந்தால் "அவர்" என்கிறா. என்னைப் பார்த்துக் கொப்பர் என்று சொல்ல உலகத்தில் வேறு ஒருவரும் இல்லை.

பாரி மகளிர் பாட்டில் "எந்தையும் உடையேம், எம்குன்றும் பிறர்கொளார்" என்று வருகிறது. இந்த இழையை வாசித்த பிறகுதான் அதைக் கவனித்தேன். எம்குன்றில் "எம்" தனியாக நிற்கிறது. குன்றை வேந்தர் எடுத்துக்கொண்டார்கள். எந்தையில் அப்படிப் பிரித்தெடுக்க எதுவும் இல்லை. கடைசி அடியில் "எந்தையும் இலமே" என்கிறார்கள்.

#19 தோவாளை

அம்மாவுக்கு அடிக்கடி போன் போடுங்கள் அண்ணா.

#20 செவ்வந்திப்பூ

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை பையனை எழுப்பும்போது மகள் "எம்பி, எழுந்திரு" என்றாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நான் எம்பி இல்லை, தம்பி" என்றான். அவள் விரலை மடக்கி மடக்கி அவனுக்கு விளக்கம் சொன்னாள்: நான் சொன்னால் எம்பி, என்னிடம் யாராவது சொன்னால் உம்பி, வெளியாட்கள் சொன்னால் தம்பி. அவன் யோசித்துவிட்டு, "அப்போ பாட்டி கூப்பிட்டா?" என்று கேட்டான்.

பனையோலை ஐயா, இதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

#21 பனையோலை

பாட்டி உங்கள் மகளின் பக்கத்தில் நின்றுகொண்டு, அவள் தம்பியை அவளுக்காகக் கூப்பிடுகிறார். வீட்டில் சின்னவன் ஒருவனுக்கு எல்லோரும் மூத்த பிள்ளையின் வாயால்தான் பெயர் வைக்கிறார்கள். அதனால் பாட்டிக்கும் அவன் தம்பிதான் என்று சொல்லுங்கள்.